பாணனுக்கு ஓர் இடம்

சென்னையிலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் புதுச்சேரியை அடையுமுன் மரக்காணம் என்னும் ஊரைக் காண்பர். விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது அவ்வூர். ஒரு புறம் கடல். மறுபுறம் கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை. இடையே பக்கிங்காம் கால்வாய். மழைக்காலம் கழிந்ததும் அங்குள்ள உவர்நிலம் வரப்பிட்ட பாத்திகளாக மாறும். பாத்திகளில் உப்புநீர் பாயும்; வெயில் அந்நீரைக் குடிக்கும். எஞ்சிய வெண்மணிகளை உழைப்பாளர் நீண்ட கோலில் பொருத்திய மரப்பலகையால் வாரிக் கரையில் குவிப்பர். கதிரவன் எழுமுன் தொடங்கும் அவ்வேலை, வெயில் ஏறிக் கண் கூசும் நேரம்வரை நடக்கும்.

இம் மரக்காணமே சங்க காலத்தில் எயிற்பட்டினம் எனப் பெயர் பெற்றிருந்தது என்பர் அறிஞர். எயில் என்பது மதில். மதில் சூழ்ந்த பட்டினம் எயிற்பட்டினம் ஆயிற்று. அது ஓய்மானாட்டைச் சேர்ந்த துறைமுகம். அந்நாட்டின் தலைவன் நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர், இக்காலத்தில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. மரக்காணத்திற்குச் சற்று வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கும் நிலப்பகுதி இடைக்கழிநாடு. அந்நாட்டு நல்லூரில் வாழ்ந்த நத்தத்தனார் என்னும் புலவர் நல்லியக்கோடன்மீது ஒரு பாட்டுப் பாடினார். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை அதுவே. அதன் அடிகள் 269.

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனை நோக்கி, "நீயும் நல்லியக்கோடனிடம் செல்க" என்று வழி கூறுவதாக அமைந்தது அப்பாட்டு. பாணர் என்போர் யாழ் இசைத்துப் பாடும் குலத்தினர். சிறிய யாழ் உடையவர் சிறுபாணர். பெரிய யாழ் உடையவர் பெரும்பாணர். அரசர் அவையிலும் ஊர் மன்றிலும் அவர்கள் பாடினர், பரிசில் பெற்றனர், மீண்டும் நடந்தனர். தமிழ்நாட்டு இசையின் மிகப் பழைய வாழ்வு அவர்களுடைய தோளிலே தொங்கிய யாழோடு சேர்ந்தே ஊர் ஊராகச் சென்றது எனலாம்.

இப்பாட்டில் ஒரு புகழ் வரிசை உண்டு. மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, ஔவைக்கு நெல்லிக்கனி அளித்த அதிகன், காரி, ஆய், நள்ளி, ஓரி என்னும் எழுவரையும் நத்தத்தனார் முறையாகப் பெயர் கூறிப் புகழ்கின்றார். அவர்கள் எழுவரும் சேர்ந்து தாங்கிய ஈகை என்னும் நுகத்தை நல்லியக்கோடன் தனியொருவனாகத் தாங்குகிறான் என்பது புலவர் கருத்து. கடையெழு வள்ளல்கள் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் தொகுதி நம் நெஞ்சில் நிலைத்ததற்கு இப்பாட்டு ஒரு பெருங்காரணம். கல்லாலும் சுண்ணத்தாலும் கட்டாமல், சொல்லாலே கட்டிய புகழ் மண்டபம் அது.

அம்மண்டபத்தில் இடம் பெற்றோர் அனைவரும் கொடுத்தவர்கள். பாடியவன் எங்கே? பாட்டின் தலைப்பில் அவன் இருக்கின்றான். 'சிறுபாண்' என்னும் சொல் அவனையே குறிக்கின்றது. ஆனால் அவன் பெயர் யாது என்று பாட்டு முழுவதும் தேடினாலும் கிடைக்காது.

பெயர் கிடைக்காவிடினும் அவன் வீடு கிடைக்கின்றது. திரும்பி வரும் பாணன் தன் பழைய வறுமையைக் கூறும் இடத்தை ஒரு முறை படித்தவர் மறவார். அவ்வீட்டு அட்டிலில் அடுப்பு எரிந்து நெடுநாள் ஆயிற்று. கூரை மரங்கள் கழன்று விழுந்துள்ளன. சுவரைக் கறையான் அரித்திருக்கின்றது. ஈரத்தில் காளான் பூத்திருக்கின்றது. அண்மையில் குட்டி ஈன்ற நாய் ஒன்று அங்கே கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய மடியைப் பற்றி இழுக்க, நோவு தாங்காமல் அது குரைக்கின்றது. அவ்வீட்டுப் பெண்ணைக் கிணைமகள் என்று பாட்டுக் கூறுகின்றது; கிணை என்பது ஒரு பறை. பசியால் ஒட்டிய வயிறும் கையில் வளையும் உடைய அவள், குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகின்றாள். அதை உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் வறுமையின் இயல்பு அறியாதார் கண்டு இகழ்வரே என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். பின்பு சுற்றத்தார் எல்லாரும் கூடி அக்கீரையை உண்கின்றனர்.

உப்பின்றி வெந்த கீரை! இதைப் பாடியவர் உப்பங்கழிக்கு இடையே வாழ்ந்த புலவர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். அக்காலத்தில் உப்பு நெல்லுக்கு மாறாக விற்கப்பட்டது. உமணர் என்னும் உப்பு வணிகர் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்றனர். இதே பாட்டில், கொற்கையைச் சொல்லும் பகுதியில், உமணரும் அவர்தம் பிள்ளைகளும் வருகின்றனர். வண்டியோடு வந்த குரங்கு ஒன்று, முத்துக் கிடந்த கிளிஞ்சிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி அப்பிள்ளைகளோடு விளையாடுகின்றது. உப்பின் வழியும் பாணன் வழியும் ஒரே மணலில்தான் சென்றன. ஆயினும் ஒரு பிடி உப்பு அவன் அட்டிலுக்கு வரவில்லை.

இக்கடற்கரையில் இசைவாணர்க்கென ஒரு புகழ் மண்டபம் எழுப்பப்படுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே படங்களும் சிலைகளும் வைக்க வேண்டும். இடம் சிலர்க்கே உண்டு. யார் யாரை வைப்பது? இவ்வினா எழுந்தவுடன் அவையில் அமைதி நீங்கிவிடும். தமிழ்நாட்டில் இவ்வழக்குப் புதியதன்று.

ஒரு சாரார் பாட்டு இயற்றியோரே முதலிடம் பெறத்தக்கவர் என்பர். அவர்கள் முதலிற் சொல்லுவது திருவாரூரில் பிறந்த மூவரை: சியாமா சாஸ்திரிகள் (1762–1827), தியாகராசர் (1767–1847), முத்துசாமி தீட்சிதர். மும்மூர்த்திகள் என்று இசையுலகம் போற்றும் இவர்கட்கு இடமில்லை என்பார் எவரும் இலர். ஆனால் மற்றொரு சாரார் உடனே எழுவர். "இம்மூவர்க்கு முன்னரே சீர்காழியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவர் தமிழிலே கீர்த்தனம் பாடினரே. முன்னவரை மறந்து பின்னவரை மட்டும் மும்மூர்த்திகள் என்பது எங்ஙனம் பொருந்தும்?" என்று வினவுவர். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலை செட்டியார் ஆதரவில் கூடிய மாநாட்டினின்று எழுந்த தமிழிசை இயக்கத்தின் வினாவும் இதுவே. தமிழ்நாட்டு அரங்கில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று அவ்வியக்கத்தார் கேட்டனர். இசைக்கு மொழி வேலி இடலாகாது என்று எதிர்த்தரப்பினர் மறுத்தனர். செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் அவ்வாதம் சில ஆண்டுகள் சூடு தணியாமல் நடந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பின்னாளில் சீர்காழியில் தமிழிசை மூவர்க்கு அரசினர் மணிமண்டபமும் எழுப்பினர். ஒரு பட்டியலில் விடுபட்டோர்க்கு மற்றொரு மண்டபம் கிடைத்தது என்க.

வழக்கின் அடுத்த பகுதி இன்னும் கடினமானது. பாட்டு இயற்றியவர் ஏட்டில் வாழ்வர். பாடியவர் காற்றில் மறைவர். அவர்களை எவ்வாறு அளப்பது? சென்னை மியூசிக் அகாதமி 1928-இல் நிறுவப்பெற்றது. அதன் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் இசைப்புலவர்க்குச் 'சங்கீத கலாநிதி' என்னும் பட்டம் வழங்குவதை 1942-இல் அது தொடங்கியது. தமிழிசைச் சங்கம் 1957 முதல் 'இசைப்பேரறிஞர்' என்னும் பட்டத்தை வழங்கி வருகின்றது. இப்பட்டியல்களையே மண்டபத்தின் பட்டியலாகக் கொண்டால் வேலை எளிதாகும் என்று சிலர் எண்ணலாம். எளிதாகும், நேர்மையாகுமா என்பதே வினா.

சங்கீத கலாநிதிப் பட்டியலைச் சற்றே நோக்குவோம். 1966 வரை அதில் மிருதங்கம் வாசிப்பவர் ஒருவரேனும் இலர். அவ்வாண்டிலேதான் பாலக்காடு மணி ஐயர் அப்பட்டம் பெற்றார். பாடகர் பாடினார், மிருதங்கம் உடன் சென்றது என்றே பல காலம் கருதினர் போலும்! தாளம் இன்றிப் பாட்டு ஓரடியும் நடவாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். 1968 வரை பெண் எவரும் அப்பட்டியலில் இலர், அவ்வாண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி முதற்பெண்ணாக இடம் பெற்றார். வீணை தனம்மாள் 1938-இல் மறைந்தார். இசை வல்லோர் பலரே அவருடைய வீணையைக் கேட்டுப் பாடம் பெற்றனர். அவர் பெயரும் அதில் இல்லை.

நாகசுரத்தின் செய்தியும் எண்ணத்தக்கது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி இராகத்தை வாசிக்கத் தொடங்கினால் நள்ளிரவு கடந்தும் மக்கள் திடலை விட்டு அகலார். தெருவில் நின்றும் நடந்தும் வாசிப்பதே நாகசுரக்காரர் முறை என்றிருந்த காலத்தில், மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையைத் தம் குழலுக்கு அவர் வற்புறுத்திப் பெற்றார். 1955-இல் மைய அரசின் சங்கீத நாடக அகாதமி அவரைப் பாராட்டியது. ஆயினும் சங்கீத கலாநிதிப் பட்டியலில் அவரைக் காண இயலாது. நாகசுரத்தையே அப்பட்டியல் புறக்கணித்தது என்று சொல்லுதல் முறையாகாது. 1956-இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை அப்பட்டம் பெற்றார். ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர் மக்களிடம் சென்று, "நாகசுரம் என்றவுடன் யார் நினைவு வருகின்றது?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே.

ஆதலின் ஒரு பட்டியலைக் கண்டவுடன், "இதில் உள்ளவர் தகுதியுடையரா?" என்று மட்டும் கேட்பது போதாது. தகுதியுடையவர் என்பதில் ஐயம் இராது. அப்பட்டியலைத் தொகுத்தோர் எங்கே அமர்ந்து கேட்டனர் என்பதையும் கேட்க வேண்டும். அவையில் அமர்ந்து கேட்டவர்க்கு அவையில் பாடியவரே தெரிவர். தேர்த் தெருவில் நின்று கேட்டவர் சொல்லும் பட்டியல் வேறாக இருக்கும்.

இன்னும் சிலர், இசையை ஆராய்ந்தோர்க்கும் இடம் வேண்டும் என்பர். அது தக்கதே. தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்து, தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரை எவர் மறுப்பர்? ஈழத்தில் பிறந்த விபுலானந்த அடிகளையும் மறுத்தல் இயலாது. பழந்தமிழ் நூல்களில் யாழைப் பற்றிக் கிடைத்த குறிப்புகளைத் தொகுத்துக் கணக்கிட்டு, மறைந்துபோன அக்கருவியின் உருவத்தை அவர் மீட்க முயன்றார். அம்முயற்சியின் பயனாகிய யாழ் நூல் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார்.

விபுலானந்தர் எதைக் கொண்டு யாழை மீட்டார்? புலவர் பாடி வைத்த வருணனைகளும் அவருக்குத் துணையாயின. நத்தத்தனார் பாணனுடைய சீறியாழைப் பார்த்த பார்வை கூர்மையானது. யாழின் கோட்டைச் சுற்றி நரம்பை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் வார்க்கட்டைக் கண்டு, குரங்கின் கையில் அகப்பட்ட பாம்பு அதன் பிடியில் நெகிழ்வதையும் இறுகுவதையும் அவர் நினைக்கின்றார். கருவியை அருகில் இருந்து, கைபடக் கண்டவரன்றி இவ்வாறு கூற இயலாது. யாழ் இருந்தது, அதன் வார்க்கட்டும் நமக்குத் தெரிகின்றது. அதை மடியில் வைத்திருந்தவன் மட்டும் யாரோ ஒருவன்!

இந்த 'யாரோ ஒருவன்' மரக்காணத்து மண்டபத்தில் இடம் கேட்கின்றான். அவனுக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் சிறியன அல்ல.

முதல் தடை, பெயர். பெயரில்லாதவனை எவ்வாறு சிறப்பிப்பது? அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து நகரில் ராக் இசைக்கு ஒரு புகழ் மண்டபம் உண்டு. அதில் கலைஞராக இடம் பெறுவதற்கு, ஒருவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு கழிந்திருத்தல் வேண்டும் என்பது விதி. இத்தகைய விதிகளின் முன் நம் பாணன் வாசற்படியிலேயே நின்றுவிடுவான். இசைத்தட்டும் இல்லை, ஏடும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை.

இரண்டாம் தடை இன்னும் வலியது. அப்பாணன் உண்மையில் வாழ்ந்தவனா? ஆற்றுப்படை என்பது புலவர் கையாண்ட ஓர் இலக்கிய வகை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போர் பரிசில் பெற்றுத் திரும்பித் தம்மைப் போன்றோரை வழிப்படுத்துவதாகப் பாடுதல் அதன் மரபு. பத்துப்பாட்டில் மட்டும் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. ஆகவே நத்தத்தனார் காட்டும் பாணன் கற்பனையாகலாம். கற்பனை மாந்தர்க்கு மண்டபத்தில் இடம் தருதல் நகைப்பிற்கு இடமாகும் என்பர் மறுப்போர்.

இத்தடையை எளிதில் தள்ளுதல் இயலாது. நல்லியக்கோடன் அவைக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட பாணன் வந்தான் என்பதற்குச் சான்று இல்லை என்பது உண்மையே. ஆனால் மரபு வானத்திலிருந்து விழுவதில்லை. பல பாணர் நடந்ததனாலேயே பாணன் நடப்பதாகப் பாடும் மரபு பிறந்தது. இறந்த அடுப்பும், பால் வற்றிய நாயும், நாணி அடைத்த கதவும் ஒருவன் வீட்டிலே கண்டவையாக இராமல் பல வீடுகளிற் கண்டவையாக இருக்கலாம். அவ்வாறாயின் அவன் ஒருவனல்லன், பலன். பலராய் இருந்ததனால் அவர்களுடைய உரிமை குறையுமா, கூடுமா?

பாணர் குலத்தவருள் பெயர் நின்றவர் அறவே இலர் என்றும் கூறுதற்கில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் அறுபத்து மூவருள் ஒருவர். திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களை உடனிருந்து யாழில் இசைத்தவர் அவர். பெரியபுராணம் அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. மதுரைத் திருக்கோயிலுக்குச் சென்ற அவர் வாயிலில் நின்றே யாழ் இசைத்தார். உள்ளே புகும் உரிமை அவர் குலத்திற்கு அக்காலத்தில் இல்லை. இறைவன் தொண்டர்களின் கனவில் தோன்றி, பாணரை உள்ளே அழைத்துவரப் பணித்தான். திருமுன் நின்று அவர் பாடும்போது, ஈரத் தரையின் குளிர்ச்சி தாக்கினால் யாழின் கட்டு நெகிழும் என்றும், அவருக்குப் பலகை இடுக என்றும் வானில் ஒரு குரல் எழுந்தது. தொண்டர்கள் பொற்பலகை இட்டனர். அதன்மேல் ஏறி அவர் இசைத்தார்.

இந்நிகழ்ச்சியைப் புராணம் என்று மட்டும் எண்ணிக் கடந்துவிடலாகாது. நல்லியக்கோடன் தன் கண்முன்னே பாணர்க்குப் பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று உண்பித்தான் என்று நத்தத்தனார் பாடுகின்றார். அத்தகைய பாணர் குலம் சில நூற்றாண்டுகளில் கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கும் நிலையை எய்தியது. யாழும் அவர்களோடு மங்கியது. பிற்காலத்தில் வீணை அதன் இடத்தைக் கொண்டது.

அக்குலத்தின் கதையில் இன்னும் ஒருத்தி உண்டு. சோழர் காலத்தில் தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டன என்பது திருமுறை கண்ட புராணம் கூறும் வரலாறு. சொற்கள் கிடைத்தன, அவற்றைப் பாடும் பண் முறை கிடைக்கவில்லை. அரசனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குச் சென்றனர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கண்டனர். அவளைக் கொண்டு தேவாரத்திற்குப் பண் அமைத்தனர். இவ்வரலாறு உண்மையாயின், இன்று கோயில்தோறும் ஓதுவார் பாடும் தேவார இசை அவள் நாவின் வழியே வந்தது. ஏடு தேடிய அரசன் பெயரும் நம்பியின் பெயரும் புராணத்தில் உள்ளன. பண் தந்தவள் அங்கே 'ஒருத்தி' மட்டுமே.

பெயர் மறைதல் காலத்தின் இயல்பு, அதற்கு யாரும் பொறுப்பல்லர் என்று சொல்வதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அதை மறுக்கின்றன. அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராசன் 48 பிடாரரை நியமித்தான். உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் உட்பட அவர்கள் ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்வெட்டு விதிக்கின்றது, பெயர்களையும் தருகின்றது. ஆடல் பாடலுக்கென அமர்த்தப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். அவர்களுடைய பெயரும், குடியிருந்த தெருவும், தெருவின் எப்பக்கத்தில் எத்தனையாவது வீடு என்பதும்கூடப் பொறிக்கப்பட்டுள்ளன. ஓராயிரம் ஆண்டு கடந்தும் அக்கல்வெட்டைக் கொண்டு அவ்வீடுகளின் வரிசையை நாம் எண்ண முடிகின்றது. நெல் அளப்பவனுக்குக் கணக்கு வேண்டியிருந்தது; கணக்கிற்குப் பெயர் வேண்டியிருந்தது; ஆகவே பெயர் நின்றது. பாணனுக்கு நெல் அளந்தவர் கணக்கு எழுதவில்லை. குறை இசையிலே இல்லை.

பெயரில்லாதவர்க்கு மண்டபத்தில் இடம் தருதல் உலகில் எங்கும் இல்லாத புதுமையும் அன்று. செருமனி நாட்டில் ரேகன்ஸ்பர்க் நகருக்கு அருகே டான்யூப் ஆற்றங்கரைக் குன்றின்மீது வால்ஹல்லா என்னும் வெண்ணிற மண்டபம் நிற்கின்றது. பவேரிய மன்னர் முதலாம் லூத்விக் எழுப்பிய அம்மண்டபம் 1842-இல் திறக்கப்பட்டது. செருமானிய மொழி பேசிய பெருமக்களின் மார்பளவுச் சிலைகள் அதில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. மோத்சார்ட்டு என்னும் இசைமேதைக்குத் தொடக்கத்திலேயே சிலை அமைந்தது. ஆனால் இசையுலகின் தந்தையருள் ஒருவராக இன்று மதிக்கப்படும் பாக் என்பாருக்கு 1916-இல்தான் அங்கே சிலை வைத்தனர். அவர் மறைந்ததோ 1750-இல்! மன்னர் தொகுத்த பட்டியலும் திருத்தத்திற்கு உரியதே என்பதற்கு இது போதும்.

நம் வழக்கிற்கு வேண்டிய சான்று அம்மண்டபத்தின் மேற்சுவரில் இருக்கின்றது. உருவம் தெரியாத பெருமக்கட்குச் சிலை வடித்தல் இயலாது. அவர்கட்காக எழுத்துப் பொறித்த பலகைகள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, நிபெலுங்கர் காவியத்தைப் பாடிய புலவனுக்கு உரியது. அப்புலவன் பெயரை எவரும் அறியார். காவியம் இருக்கின்றது, ஆகவே பாடியவன் ஒருவன் இருந்தான், அவனுக்கு இடம் உண்டு என்று துணிந்தனர் அம்மண்டபத்தார்.

சிறுபாணாற்றுப்படையும் இருக்கின்றது. பல நூற்றாண்டுகள் ஓலையில் கிடந்த அப்பாட்டை, பத்துப்பாட்டின் பிற பாட்டுகளோடு 1889-இல் உ. வே. சாமிநாத ஐயர் அச்சேற்றினார். அதுவரை அதைப் படி எடுத்து எடுத்துக் காத்த கைகளுக்கும் பெயர் இல்லை என்பது வேறு செய்தி.

ஆகவே பாணனுக்கு மரக்காணத்து மண்டபத்தில் ஒரு பலகை வைப்பதாக முடிவு செய்யலாம். முகம் தெரியாதாதலின் சிலை வேண்டா. சீறியாழ் ஒன்றைச் செதுக்கினால் போதும். பக்கத்தில் ஒரு கிணையும் இருத்தல் நன்று. உப்பில்லாக் கீரையைச் சமைத்தவள் பெயரும் நமக்குத் தெரியாது.

இனி எஞ்சி நிற்பது ஒரு சிறு வழக்கு. பெயர் பெற்ற மேதைகளின் நடுவே அப்பலகையை வைப்பதா, அல்லது நுழைவோர் கண்ணில் படும்படி வாயிலிலே வைப்பதா? வாயில் போதும் என்பாரும் இருப்பர். மதுரையில் இதே வினா எழுந்தபோது, பலகை உள்ளே இடப்பட்டது.